கை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அம்பு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும்: வில்வித்தையில் ‘ஆங்கர் பாயின்ட்’ ஏன் முக்கியம்?

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ். ஒலிம்பிக் ஆண்கள் தனிநபர் வில்வித்தை இறுதிப் போட்டி. தென் கொரியாவின் கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிராடி எலிசன் இருவரும் 5-5 என்று சமநிலையில் இருந்தார்கள். தங்கம் யாருக்கு என்று முடிவு செய்ய ஆளுக்கு ஓர் அம்பு. இருவருமே 10 புள்ளி வளையத்தில் அடித்தார்கள். அளந்து பார்த்ததில் கிம்மின் அம்பு மையத்துக்கு 4.9 மில்லிமீட்டர் கூடுதல் நெருக்கமாக இருந்தது. தங்கம் அவருக்குப் போனது.

4.9 மில்லிமீட்டர் என்பது ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. ஆனால் அம்பு பறந்த தூரம் 70 மீட்டர்.

70 மீட்டர் எவ்வளவு என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 13 நிலைகள், 236 அடி, அதாவது ஏறக்குறைய 72 மீட்டர். அந்த உயரத்தை அப்படியே தரையில் அளந்தால், அடிவாசலில் நீங்கள், கலசம் இருக்கும் இடத்தில் இலக்குப் பலகை. பலகையின் மொத்த விட்டம் 122 சென்டிமீட்டர். அதன் நடுவில் இருக்கும் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர், அதாவது பழைய சிடி ஒன்றின் அளவு.

இவ்வளவு தூரத்தில் இந்த சிடியைத் திரும்பத் திரும்ப எப்படி அடிக்கிறார்கள்? கூர்மையான கண், இரும்புக் கை என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். இரண்டும் வேண்டும்தான். ஆனால் புதிதாக வில் பிடிப்பவரைப் பார்க்கும் பயிற்சியாளரின் கண் முதலில் போவது தாடைக்கு. இழுத்த கை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பார். அந்த இடத்துக்குப் பெயர்தான் ‘ஆங்கர் பாயின்ட்’.

ஆங்கர் பாயின்ட் என்றால் என்ன?

ஆங்கர் என்றால் நங்கூரம். நாணை முழுவதும் இழுத்த பிறகு, இழுத்த கையும் நாணும் முகத்தில் எந்த இடத்தைத் தொட்டு நிற்கின்றனவோ அதுதான் ஆங்கர் பாயின்ட். கப்பல் அலையில் ஆடினாலும் நங்கூரம் போட்ட இடத்தை விட்டு நகராது, இல்லையா? அதே வேலைதான்.

இது ஏன் தேவை என்று புரிய, துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துப்பாக்கியில் குறி பார்க்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அடையாளங்கள் இருக்கும். இரண்டும் நேர்க்கோட்டில் வந்தால்தான் குறி சரி. ஒலிம்பிக்கில் பயன்படும் ரீகர்வ் வில்லில் (முனைகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும் வில்) முன்னால் மட்டும்தான் ‘சைட்’ என்கிற குறிக்கருவி உண்டு. பின்னால் எதுவும் கிடையாது. நாணில் துளை வைத்து அதன் வழியே பார்ப்பதற்கும் விதிகள் அனுமதிப்பதில்லை. நாணில் ஒரு சிறிய குமிழ் வைத்து அது உதட்டிலோ மூக்கிலோ படுவதை உணர்ந்துகொள்ளலாம். அவ்வளவுதான் சலுகை.

அப்படியென்றால் பின்பக்க அடையாளம் எது? உங்கள் முகம்தான். அம்பின் வால் தாடைக்குக் கீழே நிற்கிறது, கண் அதற்கு மேலே சில அங்குலத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறாமல் இருக்கும் வரைதான் முன்னால் இருக்கும் சைட்டுக்கு அர்த்தம் உண்டு. அது மாறினால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய சைட்டாக இருந்தாலும் தவறான இடத்தைத்தான் காட்டும்.

ஒரு மில்லிமீட்டர்தானே, அதில் என்ன வந்துவிடும்?

பள்ளிக்கூட வடிவியல் போதும். வில்லில் பொருத்திய அம்பின் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 70 மீட்டரில் இருக்கிறது. அதாவது அம்பின் நீளத்தைப் போல 100 மடங்கு தூரம்.

சைட்டை மையத்தில் சரியாக வைத்துவிட்டீர்கள். ஆனால் கை வழக்கமான இடத்துக்கு 1 மில்லிமீட்டர் கீழே நிற்கிறது. அம்பின் வால் 1 மில்லிமீட்டர் இறங்கினால் முனை அந்த அளவுக்கு மேல்நோக்கித் திரும்பும். அந்தக் கோணம் 70 மீட்டர் போய்ச் சேரும்போது 100 மடங்காகிவிடும். 1 மில்லிமீட்டர் 100 மில்லிமீட்டர் ஆகிறது. 10 சென்டிமீட்டர்!

இலக்கில் ஒவ்வொரு வளையத்தின் அகலமும் 6.1 சென்டிமீட்டர். நடு மையத்தில் பாய வேண்டிய அம்பு 9-க்குப் போய்விடும். 2 மில்லிமீட்டர் பிசகினால் 7. கண் சரியாகப் பார்த்தது, கை நடுங்கவில்லை, காற்றும் இல்லை. ஆனாலும் மூன்று புள்ளி போச்சு.

இப்போது பாரிஸ் இறுதிப் போட்டிக்குத் திரும்புங்கள். அங்கே தங்கத்தைத் தீர்மானித்த 4.9 மில்லிமீட்டரை இதே கணக்கில் பின்னோக்கி வகுத்தால், வில்லாளியின் தாடையில் 0.05 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளின் தடிமனில் பாதி! உண்மையில் காற்று, விரல் விடுபடும் விதம், வில்லின் அசைவு என்று எல்லாமே அந்த 4.9-க்குள் கலந்திருக்கும். ஆனாலும் கணக்கு சொல்லும் செய்தி இதுதான்: முகத்தருகே நடக்கும் எந்தப் பிசகும் இலக்கில் 100 மடங்காகத் தெரியும்.

“நான் 70 மீட்டரில் அடிக்கப் போவதில்லையே” என்கிறீர்களா? உள்ளரங்கப் போட்டித் தூரமான 18 மீட்டரில்கூட 1 மில்லிமீட்டர் பிசகு இரண்டரை சென்டிமீட்டர் ஆகும். அங்கே வளையத்தின் அகலம் 2 சென்டிமீட்டர்தான்.

மேலே கீழே மட்டும்தானா?

இல்லை. ஆங்கர் பாயின்ட் மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் பூட்டி வைக்கிறது.

ஒன்று, உயரம். மேலே பார்த்தது இதைத்தான்.

இரண்டு, பக்கவாட்டு. நாண் முகத்தை ஒட்டி நிற்காமல் வெளிப்பக்கம் விலகினால் அம்பின் வாலும் விலகும். வலது கையால் இழுப்பவருக்கு அம்பு இடப்பக்கம் போகும்.

மூன்று, இழுவை நீளம். வில்லில் சேரும் விசை நீங்கள் எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வழக்கமான ரீகர்வ் வில்லில் முழு இழுவைக்கு அருகே ஓர் அங்குலம் கூடினால் இழுவிசை சுமார் 2 பவுண்டு கூடும், குறைந்தால் அதே அளவு குறையும். 70 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் குறைவாக இழுத்துவிட்டால், தோராயக் கணக்கில், அம்பு ஒரு சாண் அளவுக்குக் கீழே இறங்கிவிடும்.

இந்த மூன்றாவது பிரச்சினைக்குக் கருவி உண்டு. ‘கிளிக்கர்’ என்று பெயர். வில்லில் பொருத்திய மெல்லிய உலோகத் தகடு அது. அம்பின் முனை அதைத் தாண்டி உள்ளே வந்ததும் ‘டிக்’ என்று அடிக்கும். சத்தம் கேட்டதும் விட வேண்டியதுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அம்பு எவ்வளவு தூரம் பின்னால் வந்தது என்பது மட்டும்தான் கிளிக்கருக்குத் தெரியும். கை தாடையில் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பொறுப்பு உங்களுடையது.

ராமாயண வீரர்கள் காது வரை இழுத்தார்களே?

நியாயமான கேள்வி. அதுவும் ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றியதாக மரபு சொல்லும் மண்டபம் இங்கே தாயார் சந்நிதிக்கு எதிரேதான் இருக்கிறது. விஜயதசமி அன்று நம்பெருமாள் காட்டழகிய சிங்கர் கோயிலுக்கு எழுந்தருளி அம்பு போடும் வைபவமும் ஊருக்குப் பழக்கமானது.

இதிகாச வீரர்கள் நாணைக் காது வரை இழுப்பதாகத்தான் கதைகள் சொல்லும். வடமொழியில் ‘ஆகர்ணம்’ என்றால் காது வரை என்று பொருள். கால் பெருவிரலைப் பிடித்துக் காதருகே இழுக்கும் யோகாசனத்துக்கு ‘ஆகர்ண தனுராசனம்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஜப்பானின் மரபு வில்வித்தையான கியூடோவில் இன்றும் நாண் காதைத் தாண்டிப் போகிறது.

காரணம் எளிது. நீளமாக இழுத்தால் வேகம் கூடும். போர்க்களத்தில் அதுதான் தேவை. பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி எண்ண வேண்டிய அவசியம் அங்கே இல்லை. வில்லில் சைட்டும் கிடையாது.

சைட் வைத்த வில்லுக்கு வந்ததும் கதை மாறியது. கண்ணுக்கு நேர்கீழே, முகத்தின் நடுக்கோட்டில் அம்பு நின்றால் குறி பார்ப்பது சுலபம். அதனால்தான் ஒலிம்பிக் பாணியில் கை தாடைக்குக் கீழே வந்து உட்கார்கிறது. நாண் மோவாயையும் மூக்கு நுனியையும் தொடுகிறது. சைட் இல்லாத ‘பேர்போ’ பிரிவில் பலர் ஆள்காட்டி விரலை வாயோரத்தில் வைக்கிறார்கள். அம்பு கண்ணுக்கு அருகே வருவதால் அதன் முனையையே குறியாகப் பயன்படுத்த முடியும்.

காது, வாயோரம், தாடை. இதில் எது சரி? எந்தப் பாணியில் விளையாடுகிறீர்களோ அதற்கு ஏற்றது சரி. ஆனால் எந்தப் பாணியிலும் மாறாத விதி ஒன்று உண்டு. ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று மட்டும் வைக்கக் கூடாது.

உங்கள் ஆங்கர் பாயின்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒலிம்பிக் பாணி ரீகர்வ் கற்கும் ஒருவருக்கான வரிசை இது. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள்.

1. முதலில் தலை. வில்லைத் தூக்கும் முன்பே முகத்தை இலக்குப் பக்கம் முழுசாகத் திருப்பிவிடுங்கள். கழுத்து நேராக இருக்கட்டும். இதற்குப் பிறகு தலை அசையக் கூடாது. நாண்தான் முகத்துக்கு வர வேண்டும், முகம் நாணைத் தேடிப் போகக் கூடாது.

2. விரல்கள். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. நாண் விரல்களின் முதல் மூட்டு மடிப்பில் உட்காரட்டும். நுனி விரலில் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் நழுவும். புறங்கை தட்டையாக, தளர்வாக இருக்க வேண்டும். கட்டை விரலும் சுண்டு விரலும் மடங்கி ஒதுங்கிக்கொள்ளட்டும்.

3. பற்களை லேசாகச் சேர்த்து வையுங்கள். கடிக்க வேண்டாம். வாய் திறந்திருந்தால் தாடை கீழே இறங்கும், கையும் கூடவே இறங்கும். அம்பு மேலே போய்விடும். பபிள்கம் மென்றுகொண்டே வில் பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

4. எலும்பைத் தேடுங்கள். கன்னத்துச் சதையில் கையை வைத்தால் அது அமுங்கும், இன்று ஒரு அளவு, நாளை ஒரு அளவு. தாடை எலும்பின் அடி விளிம்பு அப்படி இல்லை. ஆள்காட்டி விரலின் மேல்பக்கம் அந்த எலும்பின் கீழே அழுத்தமாகப் பொருந்தட்டும். விரல்களைக் காக்கும் தோல் பட்டையில் சிறு தட்டு ஒன்று இருந்தால் அதுவும் இதே எலும்பின் கீழே வந்து அமரும்.

5. நாணின் தொடுதல். மோவாயில் ஓர் இடம், மூக்கு நுனியில் ஓர் இடம். மூக்கில் அழுத்த வேண்டாம், பட்டால் போதும். இந்த இரண்டு தொடுதலும் தாடை எலும்பும் சேர்ந்து மூன்று சாட்சிகள். மூன்றும் ஒரே மாதிரி சொன்னால்தான் அம்பை விட வேண்டும்.

6. கண்ணுக்குத் தெரியும் நாண். இலக்கைப் பார்க்கும்போது நாண் மங்கலான கோடாகத் தெரியும். அது சைட்டின் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று மனதில் பதிய வையுங்கள். நான்காவது சாட்சி இது. பக்கவாட்டுப் பிசகைப் பிடிப்பது இதுதான்.

7. பாரத்தை முதுகுக்கு மாற்றுங்கள். கை தாடைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர, முழங்கை அம்பின் நேர்க்கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் சில விநாடிகளில் நாண் முன்னால் ஊர ஆரம்பித்துவிடும்.

சரியாகப் பிடித்த இடம் ஏன் மாறிப் போகிறது?

முதல் காரணம், சக்திக்கு மீறிய வில். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் அதிகம் விழும் குழி இது. “20 பவுண்டு என்ன, 36 கொடுங்க” என்று ஆரம்பிப்பார்கள். 36 பவுண்டு என்றால் 16 கிலோவுக்கு மேல். ஒரு தடவை இழுத்துவிடலாம். ஆனால் ஒலிம்பிக் பாணித் தகுதிச் சுற்றில் 72 அம்புகள் விட வேண்டும். பாரம் தாங்காதபோது உடம்பு குறுக்குவழி தேடும். தோள் தூக்கும், தலை முன்னால் வந்து நாணைச் சந்திக்கும், கை தாடைக்கு வரும் முன்பே விரல் விட்டுவிடும். புள்ளி போவதைவிட மோசம், தோள் மூட்டில் வரும் வலி. அது மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்துவிடும்.

எளிய சோதனை ஒன்று. கையைத் தாடையில் பொருத்தி 10 விநாடி நில்லுங்கள். கை நடுங்கினாலோ, நாண் முகத்தை விட்டு நகர்ந்தாலோ அந்த வில் உங்களுக்கு இப்போதைக்குக் கனம். ஒரு படி குறையுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சோதனை முடிந்ததும் நாணை மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அம்பு இல்லாமல் நாணைச் சடாரென்று விடவே கூடாது. வில் உடைந்து முகத்தில் அடிக்கலாம்.

இரண்டாவது, நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் திருச்சி மைதானத்தில் அரைமணி நேரம் நின்றாலே மோவாயில் வியர்வை வழியும். காய்ந்த தோலில் நாண் ‘பிடிக்கும்’, ஈரத் தோலில் வழுக்கும். உணர்வு மாறினால் இடமும் மாறும். இடுப்பில் சிறு துண்டு ஒன்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு மோவாயையும் விரல்களையும் துடைப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது, முகத்தில் இருப்பவை. மூக்குத்தி, பெரிய தோடு, ஜிமிக்கி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நாண் மாட்டினால் காயம் நிச்சயம். நீளமான கூந்தலைப் பின்னால் இறுக்கிக் கட்டுங்கள். தொப்பியின் முன்விளிம்பு நாணில் இடித்தால் தலையைச் சாய்க்கத் தோன்றும். கண்ணாடி அணிபவர்கள் அதன் ஓரம் நாணைத் தொடுகிறதா என்று பாருங்கள். நேற்று தாடி, இன்று சவரம் என்றால்கூட முதல் சில அம்புகளுக்குத் தொடுதல் வேறு மாதிரி தெரியும்.

நான்காவது, அவசரம். இலக்கின் மஞ்சள் வட்டத்தை சைட் தொட்டதும் “விடு, விடு” என்று மனசு கத்தும். கை இன்னும் தாடைக்கே வந்திருக்காது. இந்தப் பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. அனுபவசாலிகளையும் இது விட்டுவைப்பதில்லை.

பலகையில் எதுவும் வரையாமல் பயிற்சி

இந்த அவசரத்துக்கு மருந்து, இலக்கையே எடுத்துவிடுவது. மூன்று, நான்கு மீட்டர் தூரத்தில் பெரிய வெற்றுப் பலகையை வைத்து, அதில் வட்டமோ புள்ளியோ இல்லாமல் அம்பு விட வேண்டும். குறி பார்க்க ஒன்றுமில்லாததால் கவனம் முழுவதும் தாடைக்கும் முதுகுக்கும் போகும். பயிற்சியாளர் அருகில் இருந்தால், பாதுகாப்பைச் சரிபார்த்த பிறகு, நாணை இழுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு தொடுதலை மட்டும் உணர்ந்து விடலாம்.

சலிப்பான பயிற்சிதான். ஆனால் உலகத் தரத்தில் இருப்பவர்களும் இதை விடுவதில்லை. வில் இல்லாத நாட்களில் வீட்டில் எலாஸ்டிக் பட்டையைப் பிடித்து, கண்ணாடி முன் நின்று, தாடைக்கு இழுத்துப் பழகலாம். ஆபீஸ் முடிந்து வந்து பத்து நிமிடம் போதும்.

உங்கள் செல்போனே நல்ல பயிற்சியாளர்

“நான் ஒரே இடத்தில்தான் வைக்கிறேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையா என்று பார்க்க போன் போதும்.

நீங்கள் வலது கையால் இழுப்பவர் என்றால், உங்கள் முகமும் இழுக்கும் கையும் தெளிவாகத் தெரியும்படி, முக உயரத்தில் போனை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அம்பு பறக்கும் பாதைக்கு வெளியே, நிற்கும் கோட்டுக்கு முன்னால் போகாமல் இருக்க வேண்டும். நண்பரை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லவே கூடாது.

ஸ்லோ மோஷனில் 12 அம்புகளைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் அம்பு விடுபடுவதற்குச் சற்று முந்தைய காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு கேலரியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்கும் அம்பின் வாலுக்கும் உள்ள தூரம், தாடை திறந்திருக்கிறதா, மூக்கில் நாண் எங்கே படுகிறது, முழங்கையின் உயரம். இந்த நான்கையும் கவனித்தால் போதும். முதல் 4 படங்கள் ஒன்றுபோல இருந்து கடைசி 4 படங்கள் மாறினால், உங்கள் பிரச்சினை களைப்பு அல்லது வில்லின் பாரம். படங்கள் முன்னும் பின்னும் மாறிமாறி வந்தால், ஆங்கர் இன்னும் பழகவில்லை என்று பொருள்.

அம்பு விழுந்த இடம் என்ன சொல்கிறது?

ஓர் அம்பை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆறு ஆறு அம்புகளாகப் பாருங்கள். கீழே உள்ளவை வலது கையால் இழுப்பவருக்கு.

• அம்புகள் மேலும் கீழுமாக நீண்ட கோடு போலச் சிதறினால்: கையின் உயரமோ இழுவை நீளமோ மாறுகிறது.

• வழக்கத்தைவிட மேலே போனால்: வாய் திறந்திருந்ததா, கை தாடையை விட்டு இறங்கியதா என்று பாருங்கள்.

• கீழே விழுந்தால்: முழுசாக இழுக்காமல் விட்டிருக்கலாம், அல்லது விடும் நொடியில் நாண் முன்னால் ஊர்ந்திருக்கலாம்.

• இடப்பக்கம் போனால்: நாண் முகத்தை விட்டு விலகியிருக்கலாம், அல்லது விரல்களை வெளிப்பக்கம் வெட்டி இழுத்திருக்கலாம்.

• எல்லா அம்பும் நெருக்கமாக, ஆனால் தவறான இடத்தில் இருந்தால்: சந்தோஷப்படுங்கள். ஆங்கர் சரியாக இருக்கிறது. இப்போதுதான் சைட்டைத் திருக வேண்டும்.

கடைசி வரிதான் பலர் தலைகீழாகச் செய்வது. அம்பு சிதறும்போதே சைட்டைத் திருகுவார்கள். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு திருகு. மாலை முடியும்போது சைட் எங்கே இருந்தது என்று அவர்களுக்கே தெரியாது. சிதறல் குறையும் வரை சைட்டைத் தொடக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே இடமா?

இல்லை. தாடை அகலம், கழுத்து நீளம், மூக்கின் அமைப்பு என்று ஒவ்வொருவருக்கும் மாறும். யூடியூபில் பார்த்த சாம்பியனின் கை நிற்கும் இடம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. வில்லைக் காலால் பிடித்து, தோளில் மாட்டிய கருவியால் நாணை இழுத்து அம்பு விடுகிறார். காம்பவுண்ட் என்ற வேறு வகை வில் அது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். விரலும் உள்ளங்கையும் இல்லாமலே நாண் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்க வழி கண்டுபிடித்திருக்கிறார். அதே பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங் ரீகர்வ் பிரிவில் தங்கம் வென்றார். பாராலிம்பிக் வில்வித்தையில் இந்தியாவின் முதல் தங்கம் அது.

ஒலிம்பிக் வில்வித்தையில் இந்தியாவுக்கு இன்னும் பதக்கம் இல்லை. பாரிஸில் தீரஜ் பொம்மதேவரா, அங்கிதா பகத் ஜோடி கலப்பு அணிப் பிரிவில் நான்காம் இடம் வரை வந்தது. உச்சத்தில் இருப்பவர்களுக்கு இடையே திறமையில் பெரிய வித்தியாசம் கிடையாது. நெருக்கடியான நேரத்தில் யாருடைய உடம்பு பழைய வேலையை மாற்றாமல் செய்கிறது என்பதில்தான் போட்டி.

பணத்தை எதில் போடுவது?

போட்டித் தரத்தில் முழு ரீகர்வ் செட் வாங்கினால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஆரம்பத்திலேயே அதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள், முதல் சம்பளத்தில் தனக்கே வாங்கிக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

முதல் சில மாதங்களுக்குப் பயிற்சி மையத்தின் வில்லே போதும். சொந்தமாக வாங்குவதாக இருந்தால் முதலில் விரல் பட்டையை வாங்குங்கள். கைக்கு அளவாக இருக்க வேண்டும். தாடையைத் தொடும் பொருள் அதுதான் என்பதால் இரவல் வாங்கினால் தினமும் உணர்வு மாறும். அடுத்து முன்கைக் காப்பு, மார்புக் காப்பு. வில் வாங்கும்போது கைப்பிடிப் பகுதியும் வளையும் இரண்டு கைகளும் தனித்தனியாகக் கழற்றும்படி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வலிமை கூடும்போது அந்தக் கைகளை மட்டும் மாற்றினால் போதும், முழு வில்லையும் மாற்ற வேண்டியதில்லை. கிளிக்கருக்கு அவசரம் இல்லை. தாடையில் இடம் நிலைத்த பிறகு அதை மாட்டினால்தான் பலன்.

திருச்சியில் பயிற்சி தேடுபவர்கள் அண்ணா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்கலாம். எந்த மையமானாலும் சேரும் முன் ஒரு மாலை போய் ஓரமாக நின்று பாருங்கள். அம்பு எடுக்கப் போகும்போது எல்லோரும் வில்லைக் கீழே வைக்கிறார்களா? அம்புகள் போய் விழும் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்கிறதா? புதிதாக வந்த பிள்ளையிடம் பயிற்சியாளர் எத்தனை புள்ளி என்று கேட்கிறாரா, அல்லது கை எங்கே நின்றது என்று கேட்கிறாரா? இரண்டாவது கேள்வியைக் கேட்பவரிடம் தயங்காமல் சேரலாம்.